கினி பிக் நொண்டுகிறதா? மெடிக்கல் ஷாப்புக்கு ஓடும் முன் இதைப் பாருங்கள்!

(கையில் ஒரு மாத்திரை அட்டை, பின்பக்கம் மட்டும் தெரிகிறது)

வீட்டில் யாருக்காவது தொண்டை வலி, பல் வீக்கம் என்றால் நாமே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்குகிற அமாக்சிசிலின் இருக்கிறதே, அதில் ஒரு துணுக்கைக் கரைத்து, பாவம் கால் புண்ணாகிக் கிடக்கிறதே என்று உங்கள் கினி பிக்குக்குக் கொடுத்தால், புண் ஆறுவதற்கு முன்னால் கினி பிக் செத்துப்போகலாம். வியூஸுக்காகச் சொல்லவில்லை, நிஜம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், அதுவரை ஓட்டாமல் பாருங்கள்.

வணக்கம் மக்களே! செங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். வெளியே சாரல், அதனால் பின்னால் தகரச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மடியில் இருப்பவன் முறுக்கு, அங்கே கூண்டு மூலையில் முகத்தை ஒளித்துக்கொண்டு உடம்பை வெளியே விட்டிருப்பவன் சீடை. எங்கள் ஆச்சிக்கு இரண்டு பேருமே சீமைப் பெருச்சாளிதான். இந்த வீடியோ முடிவதற்குள் முறுக்கின் 14 நகத்தையும் வெட்டிவிடுவதாகத் தம்பியிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன், தோற்றால் பிரானூர் பார்டரில் பரோட்டா என் செலவு.

முதலில் அந்த 14. முன்னங்காலில் நாலு நாலு விரல், பின்னங்காலில் மூன்று மூன்று. பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பக்கம், பேரில் இருந்தாலும் பன்றியும் இல்லை, கினி நாடும் இல்லை, எலி மாதிரிக் கொறிக்கிற பிராணி, ஆண்டீஸ் பக்கம் சாப்பாட்டுக்காக வளர்த்தார்கள், பெருவில் இப்போதும் சாப்பிடுகிறார்கள், வரலாறு முடிந்தது. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: கல்லிலும் கரட்டிலும் ஓடினால் நகம் தானாகத் தேயும், நம் வீட்டில் துணி மேல் உட்கார்ந்து கொத்தமல்லி தின்றால் எங்கே தேயும்?

(முறுக்கின் பின்னங்கால், மிக அருகில்)

இது எங்களிடம் வந்த அன்று எடுத்தது. நகம் கீழே வளைந்து, அப்புறம் பக்கவாட்டில் திரும்பி, பாதத்துக்கு அடியில் போகப் பார்க்கிறது. பேர் வந்த காரணம் இப்போது புரிந்திருக்கும். நகம் இப்படி வளர்ந்தால் விரல் நேராகத் தரையில் படியாது, உடம்பு எடை முழுவதும் குதிகால் பக்கம் விழும், அந்த இடம் அழுந்தி அழுந்திப் புண்ணாகும். நகம் வெட்டுவது அழகுக்கு இல்லை, பாதத்துக்கு.

சரி, வெட்டுவது எப்படி? மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை. நாம் வெட்டுகிற சாதாரண நெயில் கட்டரே போதும், பூனைக்கு விற்கிற சின்னக் கத்தரி இன்னும் வசதி. ஒருவர் மடியில் வைத்து, முதுகைத் தன் வயிற்றோடு அணைத்து, பின்பக்கத்துக்குக் கை கொடுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் வெட்ட வேண்டும். மல்லாக்கப் படுக்கப்போடாதீர்கள், கழுகு தூக்கிவிட்டது என்றே அது நினைக்கும். வாயில் ஒரு குடைமிளகாய்த் துண்டு. குடைமிளகாய் என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்பது பெரிய கதை, வருகிறேன்.

வெள்ளை நகமாக இருந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். அதில் ரத்தமும் நரம்பும் இருக்கின்றன. நகக்கண்ணில் ஊசி ஏறினால் நமக்கு எப்படி இருக்கும், அதேதான் அதற்கும். அந்தச் சிவப்புக்கு ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். கறுப்பு நகத்தில் எதுவும் தெரியாது, போன் டார்ச்சை அடியிலிருந்து அடித்தால் நிழல் மாதிரித் தெரியும். அதிலும் தெரியவில்லையா, நுனியை மட்டும் கொஞ்சமாக நறுக்கிவிட்டு அடுத்த வாரம் மறுபடி நறுக்குங்கள். ரொம்ப நீண்டுபோன நகத்தில் அந்தச் சிவப்பும் சேர்ந்தே நீண்டிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வந்தால் அதுவும் பின்வாங்கும். ஒரே நாளில் அழகாக்க நினைத்தால் ரத்தம்தான்.

எனக்கு அது நடந்தது. சீடையின் கறுப்பு நகம், டார்ச் அடிக்கச் சோம்பல், டக்கென்று வெட்டினேன், அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா குக்கர் விசில் என்று நினைத்து அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள். ரத்தம் துளித்துளியாகத் துண்டில். ஒரு கிலோகூட இல்லாத உயிரிலிருந்து வரும்போது நாலு சொட்டு ரத்தம் நாற்பது மாதிரித் தெரியும், கை நடுங்கும். செய்ய வேண்டியது இதுதான்: சமையலறையில் இருக்கிற கார்ன்ஃபிளவர் மாவை ஒரு சிட்டிகை எடுத்து நக நுனியில் அப்பி, சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் நடுவில் எடுத்து நின்றுவிட்டதா என்று பார்க்கக் கூடாது, பார்த்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி ஆரம்பிக்கும். நான் மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன், அது வேறு விஷயம்.

தம்பி ஓடிப்போய் அப்பாவின் ஷேவிங் டப்பாவிலிருந்து படிகாரத்தை எடுத்து வந்தான். நகம் மட்டும் என்றால் அதுவும் வேலை செய்யும். சலூனில் கத்தி பட்டால் தேய்ப்பார்களே, அதே கணக்கு, படிகாரம் பட்ட இடம் சுருங்கி ரத்தம் உறையும். ஆனால் எரியும், பிய்ந்த சதையில் வைக்கவே வைக்காதீர்கள். பதினைந்து நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் டாக்டர்தான். நின்றுவிட்டால் அன்றைக்கும் மறுநாளும் வெள்ளைத் துணியில் விடுங்கள், மறுபடி கசிந்தால் உடனே கண்ணில் படும்.

மரத்தூளில் விடாதீர்கள். இதை எங்கள் ஊரிலிருந்து சொல்ல எனக்குத் தனி உரிமை இருக்கிறது. பிரானூர் பக்கம் திரும்பிய இடமெல்லாம் மரம் அறுக்கிற மில், மூட்டை மூட்டையாகத் தூள் கிடைக்கும், அதனால் முயல், கினி பிக் வளர்க்கிறவர்கள் எல்லாம் அதையே கூண்டில் கொட்டுவார்கள். நானும் கொட்டினேன். சாரல் காலத்தில் அந்தத் தூள் காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும், அதன் மேல் இவர்கள் மூத்திரம், மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், விரலை விட்டுப் பார்த்தால் அடியில் களி. அந்தக் களியில் நாள் முழுக்க நின்றால் ரோமம் இல்லாத அந்த மெல்லிய உள்ளங்கால் ஊறிப்போகாமல் என்ன செய்யும்? தூசி மூக்கிலும் ஏறும். இப்போது அடியில் செய்தித்தாள், மேலே பழைய பருத்திப் போர்வை, தினமும் மாற்று. துவைக்கிறது யார் என்று கேட்காதீர்கள்.

துணியிலும் ஒரு எச்சரிக்கை. பூந்துவாலை இருக்கிறதல்லவா, வளையம் வளையமாக நூல் நிற்குமே, அதில் நகம் மாட்டும், பயந்து இழுக்கும், நகம் பாதியில் ஒடிந்து தொங்கும். ஓரம் பிரிந்த துணி என்றால் நூல் விரலைச் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். கம்பி வலைத் தரை? பேசவே வேண்டாம், இன்றைக்கே ஒரு பலகையைப் போட்டு மூடுங்கள்.

(முறுக்கைத் தூக்கிப் பாதத்தைக் காட்டி)

வாரம் ஒரு தடவை இப்படி அடிப்பக்கம் பாருங்கள். இளஞ்சிவப்பாக, மிருதுவாக இருந்தால் நலம். சிவந்து, வழவழவென்று பளபளத்தால் ஆரம்பம். வீங்கி, நடுவில் கறுத்த பக்கு கட்டியிருந்தால் அது பாதப் புண், பம்பிள்ஃபுட் என்று தேடினால் படம் வரும், சாப்பிடும்போது தேடாதீர்கள். அந்தப் பக்கைப் பிய்க்கக் கூடாது, விட்டுவைத்தால் எலும்பு வரை போகும், ஆற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும், அதனால் டாக்டர். முன்னங்கால் பாதத்து ஓரத்தில் காய்ந்த செதில் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் பயப்படாதீர்கள், நமக்குக் கால் ஆணி மாதிரி, வயதானால் வரும்.

லேசான கீறல், சிராய்ப்பு என்றால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுங்கள். புண்ணுக்குப் போடுகிற பழுப்பு மருந்து, போவிடோன் அயோடின், வைத்திருந்தால் அப்படியே ஊற்றாதீர்கள், தண்ணீர் கலந்து, புளியரை தாண்டி ஆரியங்காவில் கொடுப்பார்களே பால் இல்லாத வெளிறிய கட்டன் சாயா, அந்த நிறத்துக்குக் கொண்டுவந்து தடவுங்கள். தரை துடைக்கிற கிருமிநாசினி வேண்டவே வேண்டாம், காலில் எது பட்டாலும் இவர்கள் நக்குவார்கள். மஞ்சள் பற்றும் வேண்டாம், ஆச்சி கோபித்தாலும் பரவாயில்லை, எல்லாம் மஞ்சளாகிவிட்டால் சிவப்பு கூடியதா குறைந்ததா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?

இப்போது குடைமிளகாய்க் கதை. எனக்கு இந்த வீடியோவில் ரொம்பப் பிடித்த இடம் இது, நகத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

காலில் காயமே இல்லை, ஆனால் நொண்டுகிறது, தொட்டால் கத்துகிறது, மூட்டு வீங்கியிருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது வைட்டமின் சி குறைவு. நாய், பூனை, மாடு எல்லாம் இதை உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். நம்மால் முடியாது, கினி பிக்காலும் முடியாது. இது தெரியவந்த விதம்தான் வேடிக்கை. நாம் சோதனை எலி என்று சொல்கிற இடத்தில் வெள்ளைக்காரன் கினி பிக் என்பான். 1907இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்று இரண்டு பேர், கப்பல்காரர்களுக்கு வந்த பெரிபெரி (சத்துக்குறைவால் நரம்பு தளர்கிற நோய்) மாதிரி நோயை ஆராயக் கினி பிக்குகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் கொடுத்தார்கள். வந்தது பெரிபெரி இல்லை, ஸ்கர்வி! ஈறில் ரத்தம் வந்து, காயம் ஆறாமல், மாலுமிகள் கொத்துக்கொத்தாகச் செத்த அதே நோய். அன்றைக்கு அவர்கள் எலியை வைத்துச் செய்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது, எலி அந்த வைட்டமினைத் தானே தயாரித்துக்கொள்ளும்.

அப்புறம் ஹங்கேரியில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்று ஒரு விஞ்ஞானி. அவர் முன்பே பிரித்தெடுத்து வைத்திருந்த ஒரு பொருள்தான் வைட்டமின் சி என்று 1932 வாக்கில் கினி பிக்குகளை வைத்தே உறுதிசெய்தார்கள், ஆனால் ஆராய்ச்சிக்குப் போதுமான அளவு எதிலிருந்து எடுப்பது? ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மனைவி சிவப்பு மிளகாய் வைத்திருக்கிறார், அந்த ஊர்க் காரமில்லாத மிளகாய், நம் குடைமிளகாய்க்குச் சொந்தம், இவருக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் தைரியமில்லை, லேபுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். சோதித்தால் உள்ளே கொட்டிக் கிடக்கிறது. இதை அவரே சொல்லியிருக்கிறார். 1937இல் நோபல் பரிசு. சாப்பாட்டில் குறை சொல்லாமல் நழுவிப் பரிசு வாங்கிய ஒரே கணவர் அவராகத்தான் இருப்பார், கமெண்டில் உங்கள் வீட்டுக்காரரை டேக் செய்யுங்கள்.

இப்போது முறுக்கு என்ன மென்றுகொண்டிருக்கிறான் பார்த்தீர்களா? ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும், தினமும் ஒரு சின்னக் குடைமிளகாய்த் துண்டில் பெரும்பகுதி வந்துவிடும். கொய்யாவில் இன்னும் அதிகம், 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல், ஆனால் சர்க்கரை, நகம் அளவு துண்டு போதும். முயல் தீனியை வாங்கிப்போட்டு விட்டுவிடாதீர்கள், அதில் இது இருக்காது. தண்ணீர் பாட்டிலில் கலக்கிற சொட்டு மருந்தும் சீக்கிரம் வீணாகும். தோலை ஒட்டிவைக்கிற கொலாஜன் தயாராகவே இந்த வைட்டமின் வேண்டும், அது இல்லாமல் மேலே எவ்வளவு மருந்து தடவினாலும் புண் ஆறாது.

சரி, மாத்திரை. இவர்கள் குடலுக்குள் புல்லை நொதிக்கவைக்கிற நல்ல பாக்டீரியா ஒரு ஊரே குடியிருக்கிறது. பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டாமைசின் வாய் வழியாகப் போனால் அந்த ஊர் காலி, காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்கிற கெட்டது பெருகி விஷத்தைக் கக்கும், சில நாளில் உயிர் போகும். மாடு பார்க்கிற டாக்டரிடம் போனாலும் இதை நீங்களே நினைவுபடுத்துங்கள், கூச்சப்படாதீர்கள், தினமும் எருமை பார்க்கிறவருக்கு வருடத்தில் எத்தனை கினி பிக் வந்துவிடும்? வேறு மருந்துகள் இருக்கின்றன, எடை பார்த்து அவர் கொடுப்பார். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

(தம்பியின் குரல்: "யக்கா, எண்ணிட்டேன், பதிமூணுதான் ஆயிருக்கு.")

பதிமூன்றா? எது விட்டுப்போனது? இதோ, இடது முன்னங்கால், உள்பக்கக் கறுப்பு நகம். டார்ச்சை எடு, சீக்கிரம்... இரு, இரு, பிடி, ஐயோ, சோபாவுக்கு அடியில் போய்விட்டான்.

(சோபாவுக்கு அடியில் இரண்டு கண்கள்)

குடைமிளகாயும் தீர்ந்துவிட்டது. அந்த ஒன்று நாளைக்கு. டேய், பரோட்டா எத்தனை சொல்ல?