லிங்கின் பார்க்குக்கு முன்பே மெட்டல் பேண்டில் டிஜே! யாரும் கண்டுகொள்ளாத 1991 ஆல்பம்

[தொடக்கம்: ரெக்கார்டைத் தேய்க்கும் சத்தம், உடனே கிட்டார்]

அமெரிக்க ராக் பேண்ட் லிங்கின் பார்க்கில் ரெக்கார்டைத் தேய்த்துக் கலக்குவாரே டிஜே ஜோ ஹான், அந்த பேண்டின் முதல் ஆல்பம் வந்தது 2000-இல். அதற்கு ஒன்பது வருடம் முன்பே ஒரு த்ராஷ் மெட்டல் (மெட்டலிலேயே படுவேகமான ரகம்) கூட்டம் டிஜேயை பேண்டிலேயே சேர்த்துக்கொண்டு ஆல்பம் போட்டுவிட்டது. பேண்ட் மோர்ட்ரெட், ஆல்பம் 'இன் திஸ் லைஃப்'. கேள்விப்பட்டதே இல்லையா? அப்படியானால் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

வரலாறு வேகமாக: ஊர் சான் பிரான்சிஸ்கோ, ஆல்பம் வெளியிட்ட கம்பெனி ஜெர்மனியின் நாய்ஸ் ரெக்கார்ட்ஸ், முதல் ஆல்பம் 1989-இல் 'ஃபூல்ஸ் கேம்'. அவ்வளவுதான்.

அந்த முதல் ஆல்பத்திலேயே ஒரு குறும்பு. ரிக் ஜேம்ஸின் ஃபங்க் (ஆட வைக்கும் தாள இசை) பாட்டு 'சூப்பர் ஃப்ரீக்'கை எடுத்து கிட்டாரில் வெளுத்திருப்பார்கள். அடுத்த வருடமே ராப் பாடகர் எம்.சி. ஹேமர் அதே பாட்டின் பேஸ் மெட்டை வைத்து 'யூ கான்ட் டச் திஸ்' போட்டு உலகத்தையே ஆட வைத்தார். முந்திக்கொண்டும் பலனில்லை, பாவம்.

[திரையில்: பேஸ் கிட்டார், கட்டைவிரல் குளோசப்]

இப்போது எனக்குப் பிடித்த கட்டம். த்ராஷ் ரிதம் திங்கட்கிழமை காலை டவுன் பஸ் மாதிரி, நிற்க இடமே இருக்காது. வலது உள்ளங்கையால் கம்பியை அமுக்கிக்கொண்டு பிக்கால் (கம்பியை மீட்டும் சின்ன வில்லை) விடாமல் இழுப்பார்கள். ஃபங்க் நேர் எதிர். முதல் அடியில் ஓங்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தில் வேண்டுமென்றே இடைவெளி விடும். பேஸ்காரர் கட்டைவிரலால் கம்பியைத் தட்டுவார், இன்னொரு விரலால் சுண்டுவார். டப், டக்! இரண்டும் எப்படி ஒட்டும்? இரண்டிலும் ஒரு அடியை நாலாகப் பிளக்கும் அதே கணக்குதான் ஓடுகிறது. த்ராஷ் நாலையும் நிரப்பும், ஃபங்க் சிலதைக் காலியாக விடும். அந்தக் காலி இடத்தில் புகுந்து டிஜே ஆரன் வான் ரெக்கார்டை முன்னும் பின்னும் தேய்க்கிறார். சும்மா அலங்காரத்துக்கு இல்லை, தாளத்தோடு சேர்ந்த இன்னொரு வாத்தியமாகவே.

ஏன் ஓடவில்லை? என் கணிப்பு: த்ராஷ் ரசிகர்களுக்கு இது ரொம்பக் குஷி, ஃபங்க் ரசிகர்களுக்கு ரொம்பச் சத்தம். போதாக்குறைக்கு அதே 1991-இல்தான் ராக் ரசிகர்களையெல்லாம் தன் பக்கம் இழுத்த நிர்வாணா பேண்டின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வேறு வந்தது.

முதலில் 'ஃபாலிங் அவே' கேளுங்கள், ஹெட்போனில். கேட்டுவிட்டு, டிஜே இல்லாமலே நன்றாக இருந்திருக்கும் என்று யாருக்காவது தோன்றினால் கமெண்டில் வாருங்கள், சண்டை போடலாம்.