விசாவில் இருக்கிற ஷெங்கன், இதோ இந்த ஊர்தான்

வணக்கம் மக்களே! கேமரா ஆடினால் மன்னித்துக்கொள்ளுங்கள், குளிரில் விரல் விறைத்துவிட்டது. அக்டோபர் மாதம், காலை ஒன்பது மணி. பின்னால் பனிமூட்டத்துக்குள் தெரிவது மோசல் ஆறு. நான் நிற்கிற கரை லக்சம்பர்க், எதிர்க்கரை ஜெர்மனி, ஆற்றோடு மேலே கொஞ்சம் நடந்தால் பிரான்ஸ். ஊர் பெயர் ஷெங்கன். ஆமாம், ஐரோப்பா போக நம் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டித் தருகிறார்களே, அதே ஷெங்கன்தான்.

வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், லீவு கடிதம் என்று ஒரு கட்டுக் காகிதத்தோடு அலைந்தபோதே நினைத்துவிட்டேன், விசா கிடைத்தால் இந்த ஊரைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்று. வந்து பார்த்தால் இத்தனூண்டு ஊர்! சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், இலையெல்லாம் மஞ்சள். பறிக்காமல் விட்ட கொத்து ஒன்று இங்கே தொங்குகிறது, பாருங்கள். தோல் சுருங்கி, அப்படியே உலர்திராட்சை ஆகிக்கொண்டிருக்கிறது. அப்புறம், ஊர் அளவுக்குப் பொருந்தாத எண்ணிக்கையில் பெட்ரோல் பங்க்! லக்சம்பர்க்கில் வரி குறைவு என்பதால் பக்கத்து நாட்டுக்காரர்கள் டேங்க் நிரப்ப இங்கே வருகிறார்கள்.

1985 ஜூன் 14 அன்று ஐந்து நாட்டுக்காரர்கள் ‘பிரின்செஸ் மாரி-அஸ்ட்ரிட்’ என்ற கப்பலில், இதே ஆற்றில், தங்களுக்கு இடையிலான எல்லைகளில் சோதனையை எடுத்துவிடும் ஷெங்கன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். இன்று ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள்.

சரி, பாலத்தில் ஏறிவிட்டேன். எல்லைக் கோட்டின் மேல் ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே வைத்து தம்ப்நெயில் எடுக்கத்தான் திட்டம். கோட்டைத் தேடினேன், தேடினேன், கிடைக்கவே இல்லை! ஏனென்றால் இந்த இடத்தில் ஆறு இரண்டு நாட்டுக்கும் பொதுச் சொத்து, 1816 ஒப்பந்தத்திலிருந்தே. நடுவில் கோடு போட வழியே இல்லை. நம்ம தம்ப்நெயில் போச்சு.

ஜெர்மனிப் பக்கம் இறங்கினால் பெர்ல் என்ற ஊர். என்னை யாரும் நிறுத்தவில்லை. ஆனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி இந்த எல்லையிலும் மறுபடி சோதனை வைத்திருக்கிறது. ஷெங்கன் வாசலிலேயே சோதனை என்றால், எனக்கு என்னவோ கல்யாண வீட்டுக்காரரே வாசலில் பத்திரிகை கேட்கிற மாதிரி இருக்கிறது.

பெர்லிலிருந்து நடந்தால் பிரான்ஸின் அபாஷ். போனில் ‘பிரான்ஸுக்கு நல்வரவு’ என்று மெசேஜ் வந்ததும்தான் எனக்கே தெரிந்தது. காலைக் காப்பி செரிப்பதற்குள் மூன்று நாடு!

இப்போது திரும்பி வந்து லக்சம்பர்க் நகரத்துக்கு பஸ் பிடிக்கிறேன். 2020 மார்ச் முதல் இந்த நாட்டில் பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம், ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு. இது தெரிந்தும் நேற்று பஸ் ஏறியவுடன் பழக்கதோஷத்தில் டிரைவரிடம் பத்து யூரோவை நீட்டினேன். மனிதர் சிரித்துவிட்டு உள்ளே போகச் சொன்னார். இதோ வந்துவிட்டது, இன்றைக்கு பர்ஸ் பைக்குள்ளேயே இருக்கட்டும்.