பேர் போன முனுசாமி

[காட்சி: பல்லவன் சாலை, காலை நேரம். புத்தம் புது ஆட்டோ. முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்.]

பூசாரி கற்பூரத் தட்டை வண்டிக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றுகிறார். டிரைவர் கிளட்சை மெதுவாக விடுகிறார். பச்சக்கென்று ஒரு சத்தம், எலுமிச்சம்பழம் நசுங்கிச் சாறு தார் ரோட்டில் தெறிக்கிறது. அவ்வளவுதான், இனி வண்டி சவாரிக்குப் போகலாம்.

சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருக்கிற பாடிகாட் முனீஸ்வரர் கோயில் இது. கவர்னருடைய பாடிகாட் படை ஒரு காலத்தில் இந்தப் பக்கம் இருந்ததால் ரோட்டுக்கு பாடிகாட் ரோடு என்று பேர். பின்னாளில் ரோட்டின் பேரை மாற்றிவிட்டார்கள். சாமியோடு ஒட்டிக்கொண்ட பாடிகாட்டை யாராலும் பிரிக்க முடியவில்லை.

இன்றைக்கு நாம் பார்க்கப்போவது கோயிலை இல்லை. இந்தச் சாமியிடமிருந்து வந்த ஓர் ஆண் பேரை. முனுசாமி.

எங்கள் தாத்தா பேர் முனுசாமி. வியாசர்பாடியில் எங்கள் தெருவில் மட்டும் அந்தக் காலத்தில் நாலு முனுசாமி இருந்தார்களாம். தபால்காரர் ‘எந்த முனுசாமி?’ என்று கேட்டுவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுப்பாராம். இன்றைக்கு அதே தெருவில் ஒரு குழந்தைக்குக்கூட அந்தப் பேர் இல்லை. சினிமாவும் தன் பங்குக்கு ரிக்‌ஷாக்காரருக்கும் சமையல்காரருக்கும் வைக்கிற பேராக அதை ஆக்கிவைத்தது. ஆனால் 1930 முதல் 1932 வரை மதராஸ் மாகாணத்தின் முதல் மந்திரியாக, அதாவது இன்றைய முதலமைச்சர் மாதிரியான பதவியில் இருந்தவரும் ஒரு முனுசாமிதான். நீதிக்கட்சியைச் சேர்ந்த பி. முனுசாமி நாயுடு.

சரி, ‘முனு’ என்றால் என்ன?

முனி என்கிற சொல்லைக் கேட்டதும் தாடி வைத்து, கண்ணை மூடி, தவத்தில் இருக்கிற ஒருவர் நினைவுக்கு வருவார். அது வடமொழி முனி. தமிழில் இன்னொரு முனி இருக்கிறது. முனிதல் என்றால் கோபித்தல், வெறுத்தல். ‘யாதும் ஊரே’ என்று தொடங்கும் புறநானூற்றுப் பாட்டில் வருகிற ‘முனிவின்’ இந்த வகை, அங்கே முனிவு என்றால் வெறுப்பு. இப்போது ஊர் எல்லையில் இருக்கிற முனீஸ்வரனைப் பாருங்கள். உட்கார்ந்திருப்பது தவம் செய்கிறவர் போல. முறுக்கு மீசையும் உருட்டு விழியும் கையில் அரிவாளும் கோபக்காரர் போல. படையலில் சுருட்டு வேறு. இரண்டு முனியும் இவரிடத்தில் ஒன்றாகிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இலக்கண ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டால், அதுவும் முனிவுதான்.

முனிக்கு இன்னொரு முகமும் உண்டு. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று ஒரு கோயில். சிலையைத் தொல்லியல் துறை ஆராய்ந்தது. அது புத்தர் சிலை என்று வந்த அறிக்கையை 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. புத்தருக்கும் சாக்கிய முனி என்று ஒரு பேர் இருப்பதை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்கிறது.

[காட்சி: தமிழ்நாட்டு வரைபடம், வடக்கு மாவட்டங்கள் நிறம் மாறுகின்றன.]

ஒரே சாமிதான், ஆனால் ஊருக்கு ஊர் மனிதர்களுக்கு வைக்கிற பேர் மாறும். மதுரைப் பக்கம் முனியாண்டி. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் இருக்கிறதே, அந்தச் சாமி பேரில்தான் ஊரெல்லாம் முனியாண்டி விலாஸ் நடக்கிறது. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் முனியசாமி. சேலத்தில் முனியப்பன். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம் என்று வந்தால் முனுசாமி. சித்தூர் வழியாகக் கோலார், பெங்களூரு போனால் முனிசாமி, முனியப்பா. ஆக, ஒருவர் பேரைக் கேட்டே பூர்வீகம் எந்தப் பக்கம் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

அப்புறம், முனி எப்படி முனு ஆனார்? முன்னால் இருக்கிற ‘மு’வில் உதடு குவிகிறது, அதே குவிப்பு அடுத்த எழுத்துக்கும் தாவிவிட்டது. வடசென்னையில் அதையும் விழுங்கி ‘முன்சாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ‘உ’ ஒலிக்காக ஓ, யூ என்று இரண்டு எழுத்தும், ‘ச’வுக்காக இரண்டு எஸ்ஸும் போட்டதால் அந்த ஊர்ச் சான்றிதழில் பேர் இன்னும் நீளம்.

பேர் வைத்த காரணம் பெரும்பாலும் வேண்டுதல். குலதெய்வம் முனீஸ்வரனாக இருக்கும். இல்லையென்றால் முதல் இரண்டு பிள்ளை தங்கியிருக்காது. மூன்றாவது பிள்ளையைச் சாமியிடம் ஒப்படைத்து, அவர் பேரையே வைத்துவிடுவார்கள். காவல்காரர் பேரை வைத்த வீட்டுக்குள் சாவு நுழையாது என்ற நம்பிக்கை. எங்கள் தாத்தா அப்படி வந்த மூன்றாவது பிள்ளை.

[காட்சி: கடல். அலைகளுக்கு நடுவே ஒரு மசூலா படகின் ஓவியம்.]

1860 அக்டோபர் 12. மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ என்கிற கப்பல் 342 பேரோடு புறப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரும்புத் தோட்டத்துக்குப் போகிற ஒப்பந்தக் கூலிகள். அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் கடலில் நிற்கும், ஆட்களை மசூலா படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நவம்பர் 16 அன்று கப்பல் டர்பனைத் தொட்டது. 1911 வரை இப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதில் மூன்றில் இரண்டு பங்கு நம் மதராஸ் கடற்கரையிலிருந்து.

ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு நம்பர், பேர், அப்பா பேர், வயது, ஜில்லா, கிராமம், உடம்பில் இருக்கிற அடையாளம். எழுதுகிறவருக்குக் குடும்பப் பேர் தேவை. நம் ஆளுக்குக் குடும்பப் பேர் என்ற ஒன்றே கிடையாது. அப்பா பேரோ சொந்தப் பேரோ அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு டர்பனில் மூன்சாமி, முன்சாமி என்று குடும்பப் பேர் வைத்திருக்கிறவர்கள் அப்படி வந்தவர்கள்தான். ஆண், பெண், நாலாவது தலைமுறை, ஐந்தாவது தலைமுறை, எல்லாரும் முனுசாமி.

பேரின் வால் தனியாக ஒரு பாடு பட்டது. அங்கே வெள்ளைக்காரர்கள் இந்தியர்களை எல்லாம் ‘சாமி’ என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்கள். காந்தி தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். கொஞ்சம் சாமர்த்தியமுள்ள இந்தியர் யாராவது இருந்தால், ‘சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம். நான் உனக்கு எஜமான் இல்லையே!’ என்று திருப்பிக் கொடுப்பாராம்.

இப்போது எழும்பூருக்கு வாருங்கள். பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடம், பேர் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை. தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகிறோம், நிமிர்ந்து பேரைப் படிக்கிறோமா? ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த பெண் அவர். நாம் அவரை அம்மாவின் ஊரான தில்லையாடியோடு சேர்த்துச் சொல்கிறோம். காந்தி தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகம் பற்றி எழுதியதில் அவர் பேர் ‘வள்ளியம்மா ஆர். முனுசாமி முதலியார்’. அப்பா பேர் பெண்ணின் பேருக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது.

மலாயாவில் வேறு கதை. அங்கே முனியாண்டி அதிகம். சிங்கப்பூரில் ரயில்வே தொழிலாளர்கள் 1932இல் முனீஸ்வரனுக்கு ஒரு கோயிலே எழுப்பினார்கள். ஆனால் மலேசியப் பதிவில் ‘அனாக் லெலாகி’ என்று, இன்னாரின் மகன் என்று, எழுதிவிடுவார்கள். அதனால் அங்கே பேர் உறைந்துபோகவில்லை, தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகிறது.

நம் ஊரில்? இனிஷியல். எங்கள் அப்பா பேருக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்து, ‘மு’. என் பேருக்கு முன்னால் அதுவும் இல்லை, அப்பாவின் எழுத்து வந்துவிட்டது. ஒரு முழு மனிதரை ஓர் எழுத்தாக்க ஒரு தலைமுறை, அதையும் அழிக்க இன்னொரு தலைமுறை. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. சாதிப் பேர் ஒட்டாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பதும் தெரிகிறது.

ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் தப்பித்தார். சித்தப்பா வேலைக்காக அமெரிக்காவில் டல்லஸ் போனவர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், ‘மு’ முனுசாமி ஆகி, குடும்பப் பேர்க் கட்டத்தில் விழுந்தது. அங்கே பிறந்த தங்கைக்கும் அதே. டர்பனில் நடந்த அதே வேலை, இந்த முறை கம்ப்யூட்டரில். பள்ளிக்கூடத்தில் அவள் மிஸ் முனுசாமி. ‘அண்ணா, எல்லாரும் அர்த்தம் கேட்கிறாங்க, ஒரு வீடியோ போடேன்’ என்று அவள்தான் கேட்டாள்.

போன வாரம் அவள் ஏதோ போட்டியில் ஜெயித்த சான்றிதழைப் போனில் அனுப்பியிருந்தாள். பாட்டிக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து தாத்தா பேரை வாயால் சொன்னதில்லை. பாடிகாட் முனீஸ்வரரையே ‘சென்ட்ரலாண்ட இருக்குற சாமி’ என்றுதான் சொல்வார்.

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேத்தியின் பேரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். அப்புறம் போனை என்னிடம் நீட்டினார்.

‘இன்னொரு பேரு எய்தியிருக்கு. அத்த நீ படி.’