சூரியன் அடங்கியிருக்கும்போது எக்ஸ்-கதிர் தேடுவது எதற்கு?

அடுத்த கேள்வி: "சூரியனில் கரும்புள்ளியே இல்லாத நாட்களில் போய் எக்ஸ்-கதிர் தேடியிருக்கிறார்கள், ஒன்றும் கிடைக்கவில்லையாம். செலவு வீண்தானே சார்?"

வீண் இல்லைங்க. புள்ளிகள் நிறைய இருக்கிற காலத்தில் ஃப்ளேர்கள் என்கிற திடீர் வெடிப்புகள் நடந்துகொண்டே இருக்கும். பெரிய எக்ஸ் வகை ஃப்ளேர் ஒன்று சின்ன ஏ வகையைவிடப் பத்தாயிரம் மடங்கு பிரகாசமானது, அந்த வெளிச்சத்தில் மெலிந்த சிக்னல் எதுவும் தெரியாது. சூரியன் அடங்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும், அது ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒருமுறை வாய்க்கிறது.

சரி, அந்த மெலிந்த சிக்னல் எதற்கு? சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி, அதற்கு வெளியே இருக்கிற கொரோனாவோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். நம் கருவிகளுக்குத் தனித்தனியாகத் தெரியாத நானோஃப்ளேர்கள், அதாவது மிகச் சின்ன ஃப்ளேர்கள்தான் அதைச் சூடாக்குகின்றன என்று 1988ல் சூரிய இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் சொன்னார். அந்தக் குட்டி வெடிப்புகளிலும் எலெக்ட்ரான்கள் வேகம் பிடிக்கின்றன என்றால் உயர் ஆற்றல் எக்ஸ்-கதிர் கொஞ்சமாவது வந்தாக வேண்டும்.

இதைத் தேடியது நாசாவின் ரெஸ்ஸி விண்கலம். செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது சுமார் 4 நொடிக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே சூரியனுக்குச் சற்றுத் தள்ளிக் குறிவைத்தால், சூரியனிலிருந்து வருவது மட்டும் அந்தச் சுழற்சியோடு சேர்ந்து கூடிக் குறையும், பின்னணி இரைச்சல் அப்படிச் செய்யாது, அதனால் இரண்டையும் பிரித்துவிடலாம். 2005 முதல் 2009 வரை அமைதியான நாட்களாகப் பார்த்து இப்படி எடுத்தார்கள். சிக்னல் இல்லை. ஆனால் இந்த அளவுக்கு மேல் வந்திருந்தால் நிச்சயம் பிடித்திருப்போம் என்று ஓர் உச்சவரம்பு கிடைத்தது. அதற்கு மேல் கணக்குச் சொல்கிற கோட்பாடுகள் எல்லாம் அடிபட்டுப் போகின்றன, இதைவிட உருப்படியான பதில் என்ன வேண்டும்?

அப்புறம் நம் சந்திரயான்-2. லேண்டர் விழுந்ததை மட்டும் பேசுகிறோம், ஆர்பிட்டரில் இருக்கிற, சூரியனின் எக்ஸ்-கதிரை அளக்கிற எக்ஸ்எஸ்எம் கருவியை யாரும் பேசுவதில்லை. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் செய்தது. 2019-20 அமைதிக் காலத்தில், சற்றுக் குறைந்த ஆற்றலில், ஏ வகையைவிடச் சின்னதாக 98 மைக்ரோஃப்ளேர்களைப் பிடித்தது, அதுவும் புள்ளிக் கூட்டங்களே இல்லாத பகுதிகளில்! ஆனாலும் அவை பார்க்கர் சொன்னதைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரியவை. அதைவிடச் சின்னதைப் பிடிக்க, நாசாவின் நூஸ்டார் விண்வெளித் தொலைநோக்கி மாதிரி உயர் ஆற்றல் எக்ஸ்-கதிரைக் குவிக்கிற கண்ணாடி, சூரியனுக்கென்றே செய்தது வேண்டும், 2030 வாக்கில் வரப்போகிற அடுத்த அமைதிக்கு முன்னால்.