ஹீற்றரின் அடியில் சொட்டும் தண்ணீர்: ஒரு சகோதரியின் சந்தேகத்துக்கு விளக்கம்

மார்க்கம் நகரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வி மூன்று நாட்களாக என் மனத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முதலில் அதை வாசித்துவிடுகிறேன். "அண்ணா, எங்கள் நீச்சல் தடாகத்துக்கும் அதோடு சேர்ந்த ஸ்பாவுக்கும் 400,000 பி.ரி.யு. (ஒரு மணி நேரத்தில் தரும் சூட்டின் அளவு) எரிவாயு ஹீற்றர் ஒன்றைப் புதிதாகப் பூட்டினோம். போட்டுப் பத்து நிமிடத்துக்குள் அடியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்குகிறது. பூட்டியவர் இது ஒழுக்கு இல்லை, வியர்வை என்கிறார். பழைய ஹீற்றரும் இப்படித்தான் ஒழுகி, நான்கே வருடத்தில் போய்விட்டது. யாரை நம்புவது?"

பூட்டியவரை நம்பலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் சோதித்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

எரிவாயு எரியும்போது தண்ணீர் பிறக்கிறது என்று சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பவர்கள் பலர். நம் வீடுகளுக்குக் குழாயில் வரும் வாயுவில் பெரும்பங்கு மீதேன். அது எரியும்போது கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. உங்கள் ஹீற்றர் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 11 கன மீற்றர் வாயுவை எரிக்கும். அதிலிருந்து பிறக்கும் நீராவியைக் குளிரவைத்துப் பிடிக்க முடிந்தால் 17 லீற்றருக்குக் கிட்டத் தண்ணீர் சேரும், அதாவது ஒரு பெரிய வாளி நிறைய. வழக்கமாக இது புகையோடு சேர்ந்து மேலே போய்விடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. மே மாதத்தில் தடாகத்தைத் திறக்கும்போதோ அதன் தண்ணீர் 10, 12 பாகை செல்சியஸில் நிற்கும். அந்தக் குளிர்ந்த தண்ணீர் ஓடும் செம்புக் குழாய்களில் சூடான புகை படும்போது, குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த சோடாப் போத்தல் வியர்ப்பதைப் போல அவை வியர்க்கின்றன. அந்த வியர்வைதான் கீழே சொட்டுகிறது.

சோதிப்பது எளிது. ஹீற்றரை மட்டும் நிற்பாட்டிவிட்டுப் பம்பை ஓடவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் சொட்டு நின்றுவிட்டால் அது வியர்வை. நிற்காமல் சொட்டினால் ஒழுக்கு. இன்னும் உறுதி வேண்டுமென்றால், தடாகத்துத் தண்ணீரைச் சோதிக்கும் அதே காகிதத்தை அந்தச் சொட்டில் பிடித்துப் பாருங்கள். எரிவாயு எரிந்து பிறந்த தண்ணீரில் குளோரின் இருக்காது. குளோரினுக்குரிய நிறம் தெரிந்தால் அது தடாகத்திலிருந்து வந்த தண்ணீர்.

வியர்வை என்று தெரிந்த பிறகும் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வியர்வை அமிலத் தன்மையுள்ளது. நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஹீற்றரைப் போட்டு, தண்ணீரை என்றைக்கும் அரைக் குளிரிலேயே வைத்திருப்பவர்கள் அந்தச் செம்பை நாள்தோறும் அமிலத்தில் குளிப்பாட்டுகிறார்கள். கரியும் துருவும் பிடித்துப் புகை போகும் இடைவெளிகள் அடைபட்டுவிடுகின்றன. ஆகவே பருவத் தொடக்கத்தில், தண்ணீர் வேண்டிய சூட்டுக்கு வரும்வரை ஹீற்றரைத் தொடர்ந்து ஓடவிடுங்கள்.

இப்போது சகோதரி போகிற போக்கில் சொன்ன அந்த "நான்கே வருடத்தில்" என்ற சொல்லுக்கு வருகிறேன். எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது அதுதான். என் பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும்: ஹீற்றரைத் தின்பது உங்கள் தண்ணீர். வெளியே அவ்வளவு பெரிய தீ எரிந்தாலும், செம்பு உள்ளிருந்துதான் அரிக்கப்படுகிறது. இதோ என் கையில் இருக்கும் இந்தக் குழாய்த் துண்டைப் பாருங்கள். ஸ்காபரோவில் ஒரு வீட்டில் கழற்றிய ஹீற்றரிலிருந்து நான் வாளால் அறுத்து எடுத்தது. வெளிப்புறத்தில் புதுக் குழாய் போலவே இருக்கிறது. உள்ளே விரலை விட்டால் ஒரு பக்கம் கத்தி விளிம்பு போல மெலிந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித் துளைகள் மூன்று தெரிகின்றன.

அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், சோம்பேறியும் அல்ல. குளோரின் வில்லைகளை ஸ்கிம்மர் கூடைக்குள், அதாவது தடாகத்தின் ஓரத்தில் மிதக்கும் குப்பையை உறிஞ்சிப் பிடிக்கும் கூடைக்குள், போடும் பழக்கம் மட்டும் அவருக்கு இருந்தது. ரைகுளோர் என்ற அந்த வில்லை கரைந்த தண்ணீரின் பி.எச். (7க்குக் கீழே போகப் போக அமிலம் கூடும் அளவு) 3க்குப் பக்கத்தில் நிற்கும். இரவெல்லாம் பம்ப் நிற்கும்போது வில்லை கூடைக்குள்ளேயே கரைந்து அங்கே அமிலம் சேர்கிறது. காலையில் பம்ப் ஓடத் தொடங்கியதும் அவ்வளவும் வடிகட்டியைக் கடந்து நேரே ஹீற்றருக்குள் போகிறது. அவருடைய பேத்தியின் பொன்னிற முடி அந்தக் கோடையில் இலேசாகப் பச்சையாகிவிட்டதாம். வீட்டில் எல்லோரும் குளோரினைத் திட்டியிருக்கிறார்கள். அது குளோரின் செய்த வேலை அல்ல. 4,000 டொலர் ஹீற்றரிலிருந்து கரைந்த செம்புதான் குழந்தையின் தலையில் ஏறியிருந்தது.

குளோரின் கருவி எப்போதும் ஹீற்றருக்குப் பின்னால்தான் வர வேண்டும். பம்ப், அடுத்து வடிகட்டி, அடுத்து ஹீற்றர், அதன் பின் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு, கடைசியில் குளோரின். இந்த வரிசையை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது, உங்களுக்கு அலுத்திருக்கலாம். பி.எச். 7.2க்கும் 7.8க்கும் இடையிலும், காரத்தன்மை 80 முதல் 120 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) வரையிலும் இருக்கட்டும். கல்சியம் மிகுந்தால் குழாயின் உட்புறத்தில் சுண்ணாம்பு படிந்து சூடு கடத்தப்படாமல் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உத்தரவாதத் தாளை எடுத்து வாசித்துப் பாருங்கள். இரசாயனச் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

பூட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஏனெனில் ஒன்ராறியோவில் எரிவாயுக் குழாயில் கைவைக்க ரி.எஸ்.எஸ்.ஏ. என்ற தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் உள்ளவருக்கு மட்டுமே அனுமதி. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வீட்டின் மீற்றரும் குழாயும் இந்த ஹீற்றரைத் தாங்குமா? வீட்டைச் சூடாக்கும் உலை 80,000, 100,000 பி.ரி.யு. கேட்கும் இடத்தில், இது ஒன்றே 400,000 கேட்கிறது. குழாய் சிறிதாக இருந்தால், சோடா உறிஞ்சும் குழலால் கிணற்றை இறைக்கப் பார்த்த கதைதான். பற்றும், சில நிமிடத்தில் அணையும், பழி ஹீற்றர் மீது விழும்.

அழுக்கடைந்த வடிகட்டியாலும் இதேபோல் அணையும். தண்ணீர் போதிய அழுத்தத்தில் வராவிட்டால் எரியவிடாமல் தடுக்கும் சுவிச் ஒன்று உள்ளே இருக்கிறது. "அண்ணா, அந்த இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினால் எரிகிறதே" என்று சிலர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார்கள். அப்படி முறுக்கிய ஒரு வீட்டில் தண்ணீர் ஓடாமல் ஹீற்றர் எரிந்து, வெளியேறும் பிளாஸ்டிக் குழாய் வாழைத்தண்டு போலத் துவண்டு கிடந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். வடிகட்டியைக் கழுவுவதற்குப் பத்து நிமிடம் போதும்.

ஒக்ரோபரில் தடாகத்தை மூடும்போது எரிவாயுவை நிற்பாட்டி, ஹீற்றரின் வடிகால் அடைப்பான்களைக் கழற்றி, மிச்சத் தண்ணீரைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். செம்பு அதற்கு வழிவிடாது, வெடிக்கும். கழற்றிய அடைப்பான்களைப் பம்பின் கூடைக்குள் போட்டு வைத்தால் வசந்தத்தில் தேட வேண்டியிருக்காது. திறக்கும்போது எரியும் பகுதியில் எலிக் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சகோதரி கேட்டிருக்க வேண்டும் என்று நான் விரும்பிய கேள்விக்கு வருகிறேன்: இந்தச் சூடு எங்கே போகிறது? 16 அடிக்கு 32 அடி, சராசரி 5 அடி ஆழமுள்ள தடாகத்தில் 72,000 லீற்றர் தண்ணீர் இருக்கும். உங்கள் ஹீற்றர் அதை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 50 நிமிடம் எடுக்கும். 1,500 லீற்றர் ஸ்பாவுக்கு அதே ஒரு பாகைக்கு ஒரு நிமிடம் போதும். அரை மணி நேரத்துக்குள் 15 பாகையிலிருந்து 38க்கு வந்துவிடும், 40ஐத் தாண்ட விடாதீர்கள். தடாகத்தில் இப்படிப் பாடுபட்டு ஏற்றிய சூட்டில் பெரும்பகுதி ஆவியாதல் வழியாக இரவில் வானத்துக்குப் போகிறது. தடாகத்தின் மேல் ஒரு போர்வை விரித்தால் எரிவாயுச் செலவில் பாதிக்கு மேல் மிச்சமாகும். 4,000 டொலருக்கு ஹீற்றர் வாங்குபவர்கள் சில நூறு டொலர்ப் போர்வைக்குத் தயங்குவதன் மர்மம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சகோதரி, நாளைக் காலையில் ஹீற்றரை நிற்பாட்டிப் பம்பை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். சொட்டு நின்றதா, சோதனைக் காகிதம் நிறம் மாறியதா என்று கீழே எழுதுங்கள். உங்கள் ஸ்கிம்மர் கூடைக்குள் என்ன இருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.