பூசை முடிஞ்சு எங்க சாப்பாடு?

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ல கிறிஸ்மஸ்னு சொன்னாலே ஆர்ச்சர்ட் ரோடு லைட்டுதான் ஞாபகம் வரும், 1984லேர்ந்து போடுறாங்க, பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க, அழகா இருக்கும். ஆனா எங்க வீட்டுக்கு கிறிஸ்மஸ்னா ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில்தான். 1886ல அடிக்கல் போட்டு 1888ல திறந்த கோயில், தமிழ்க் கத்தோலிக்கருக்குன்னே கட்டுனது. எங்க சொந்தத்துல மெத்தடிஸ்ட் ஆளுங்க ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் சபைக்குப் போவாங்க, ஆங்கிலிக்கன் பக்கம் டோர்செட் ரோடு கிறிஸ்ட் சர்ச், எல்லாம் தேக்காவுக்கு, அதான் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கம்தான்.

வீட்ல பலகாரம் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும். அச்சு முறுக்கு இல்லாம எங்களுக்குப் பண்டிகை இல்ல. பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, கொஞ்சம் எள்ளு. அச்சு எண்ணெய்லயே கெடந்து நல்லா சூடேறணும், அப்புறம் மாவுல முக்காவாசிதான் முக்கணும், முழுசா முக்கிட்டா முறுக்கு அச்ச விட்டுக் கழலவே கழலாது. பக்கத்து வீட்டு மலாய் அக்காவும் நோன்புப் பெருநாளுக்கு இதையேதான் சுடுவாங்க, அவங்க அச்சும் சட்டியும் எடுத்துட்டு வந்து கூடவே உக்காந்து சுட்டுக் குடுப்பாங்க.

நான் முக்கியமா சொல்ல வந்தது வேற. கிறிஸ்மஸ் தமிழ்ப் பூசையில பின்னாடி பாருங்க, டார்மிட்டரிலேர்ந்து, அதான் ஊர்லேர்ந்து வேலைக்கு வந்தவங்க தங்குற விடுதியிலேர்ந்து வந்த தம்பிங்க எவ்ளோ பேரு நிக்கிறாங்கன்னு, நல்ல சட்டையா அயர்ன் பண்ணிப் போட்டு, ரொம்ப தூரத்துலேர்ந்து பஸ்ஸு, எம்ஆர்டி ரயிலுன்னு மாறி மாறி வந்திருப்பாங்க. பூசை முடிஞ்சதும் குடிலுக்கு முன்னாடி நின்னு வீட்டுக்கு வீடியோ கால் போடுவாங்க. இங்க நடு ராத்திரின்னா ஊர்ல ஒம்பதரைதான், அங்க பொண்டாட்டி புள்ளைங்க அப்பதான் கோயிலுக்குக் கெளம்பிட்டு இருப்பாங்க, குழந்தை புதுச் சட்டைய ஸ்கிரீன் கிட்ட கொண்டாந்து காட்டும். அதுக்கப்புறம் போன வச்சிட்டு அவங்க எங்க போவாங்க? மறுநாள் லீவு, ஆனா உக்காந்து சாப்பிட வீடு இல்ல.

இந்தத் தம்பிங்களக் கூப்பிட்டு வீட்ல சாப்பாடு போடுறத எங்க அம்மா ரொம்ப வருஷமா பண்ணிட்டு வந்தாங்க, இப்ப நாங்க பண்றோம். 25 மத்தியானம் மட்டன் பிரியாணி, ஹால்ல பாய் விரிச்சிடுவோம், சோபாவெல்லாம் ஓரமா தள்ளிடுவோம். ஒரு தடவ தூத்துக்குடி தம்பி ஒருத்தர் வந்த உடனே கைய கழுவிட்டு நேரா கிச்சனுக்குப் போயிட்டாரு, அண்ணி நான் வெங்காயம் அரியுறேன்னு. சும்மா உக்காருங்க தம்பின்னா கேக்கல, வீட்டு அடுப்புகிட்ட நின்னு ரொம்ப நாளாச்சுன்னாரு.

இந்த வருஷத்துக்கும் தேக்கா கடையில கறி கூடுதலாவே சொல்லியாச்சு. நீங்களும் பூசை முடிஞ்சதும் கார் பார்க்குக்கு ஓடிடாதீங்க. நாளைக்கு மத்தியானம் எங்க சாப்பாடுன்னு அந்தத் தம்பிங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, பிளாக் நம்பரும் எந்த பஸ்ஸுன்னும் அவங்க போன்லயே டைப் பண்ணிக் குடுத்துடுங்க, கூச்சப்படுவாங்க, ரெண்டாவது தடவையும் கூப்பிடுங்க. எல்லாருக்கும் கிறிஸ்மஸ் நல்வாழ்த்துகள், நன்றி.