நிலவறையில் பாதி வேலை

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்து பப்களைப் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். குடியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. குடிக்காத நண்பர் ஒருவரும் என்னோடு எல்லா பப்புக்கும் வந்தார், என்னைவிட அதிகமாகக் கற்றுக்கொண்டும் போனார். அவர் கதை கடைசியில் வரும்.

உலோகவியல் படிக்க ஷெஃபீல்டு நகரத்துக்குப் போனேன். எவர்சில்வர் என்று நாம் சொல்லும் துருப்பிடிக்காத எஃகை 1913-ல் ஹாரி பிரியர்லி வார்த்தது அங்கேதான். எஃகு உலையில் நாள் முழுக்க நின்றவனுக்கு உடம்பில் தண்ணீர் தங்காது. அந்தத் தாகத்தை நம்பியே அந்த ஊரில் பெரிய பெரிய பீர் ஆலைகள் ஓடின. உலைகள் அணைந்தபின் ஆலைகளும் போயின. ஸ்டோன்ஸ், வார்ட்ஸ் என்ற இரண்டு பழைய பெயர்களும் 1999 என்ற ஒரே வருடத்தில் கதவடைத்தன.

போன முதல் வாரமே வகுப்புத் தோழர்கள் ஒரு பப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பழுப்பாக ஒரு பைன்ட் பீர், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், கைக்கு வந்தது. குளிர்ச்சி இல்லை, சுரீரென்று இல்லை, நுரை மட்டும் பாலாடை மாதிரி மேலே நின்றது. பிரிட்ஜ் கெட்டுப்போய்விட்டது போல என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன். கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெரியவர் கோபப்படவில்லை. "கீழே வா, லவ்" என்றார். ஷெஃபீல்டில் ஆம்பிளையை ஆம்பிளையே 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். நம் ஊர் 'தம்பி' மாதிரி. அது தெரியாமல் அரை நொடி திகைத்தேன்.

நிலவறைக்கு மரப்படி. கீழே போனதும் நம் மார்கழி விடியற்காலையைவிடக் கொஞ்சம் கூடுதலான குளிர். 11-லிருந்து 13 டிகிரிக்குள் வைத்திருப்பார்களாம். வெதுவெதுப்பான பீர் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வது தப்பு. ஐஸ் தண்ணீரைப் பிடித்த கைக்குத்தான் அது வெதுவெதுப்பு. மரச்சட்டத்தின் மேல் உலோகப் பீப்பாய்கள் படுக்கையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒன்பது காலன், அதாவது 72 பைன்ட். 'ஃபர்கின்' என்று பெயர்.

பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. ஆலையில் ஒரு தடவை நொதித்து முடித்ததை வடிகட்டாமல், சூடாக்கிக் கொல்லாமல் அப்படியே அடைத்து அனுப்புகிறார்கள். மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் இந்த நிலவறையில் இன்னொரு சுற்று வேலை செய்கிறது. அரைத்த தோசை மாவை மூடி வைத்தால் காலையில் பொங்கி நிற்குமே, அதே சமாச்சாரம். ரியல் ஏல் என்று அவர்கள் சொல்லும் பீர் இதுதான். அதில் இருக்கும் வாயு அதுவே உண்டாக்கிக்கொண்ட வாயு, வெளியிலிருந்து ஏற்றியது இல்லை.

பெரியவர் மெல்லிய மரக்குச்சி ஒன்றை எடுத்தார். பீப்பாயின் மேல்பக்கத் தக்கையில் அதை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. உஸ்ஸென்று காற்று, குச்சியைச் சுற்றி நுரை குமிழ்ந்து வழிந்தது. மென்மரக் குச்சி வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். குமிழ் அடங்கிய பிறகு அதை எடுத்துவிட்டுக் கடினமரக் குச்சியால் அடைக்க வேண்டும். எப்போது மாற்றுவது? கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நுரையைத் துடைத்துவிட்டு, மறுபடி எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கிறார். சீக்கிரம் அடைத்தால் மேலே டம்ளரில் வெறும் நுரைதான் விழும். தாமதித்தால் சப்பென்று போகும். மூன்று விரலால் அவர் அந்த நுரையைத் தொட்டுப் பார்த்தது, பாட்டி இட்லி வெந்துவிட்டதா என்று விரலை நனைத்துக் குத்திப் பார்ப்பது போலவே இருந்தது. அன்றைக்கே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. ஆலையில் நடப்பது பாதி வேலைதான், மறுபாதி இங்கே கீழே நடக்கிறது. ஒரே ஏல் இரண்டு பப்பில் இரண்டு விதமாக இருப்பது அதனால்தான்.

குழாய் மாட்டித் திறந்ததும் காற்று உள்ளே போகத் தொடங்கும். மூன்று நாளில் 72 பைன்ட்டும் விற்றாக வேண்டும். அதற்கு மேல் புளிப்பு ஏறும். பப்பைத் தேர்ந்தெடுக்க இதிலிருந்தே ஒரு வழி கிடைக்கிறது. நிலவறையிலிருந்து ஏலை மேலே இழுக்கும் கைப்பம்பு பன்னிரண்டு வரிசையாக நிற்கிறது, உள்ளே ஆறு பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் பேசாமல் திரும்பிவிடுங்கள். நான்கே பம்பு, நிற்க இடமில்லாத கூட்டம் என்றால் தைரியமாகப் போகலாம். ஒரு தடவை இந்த விதியை மறந்து ஒரு காலிக் கடைக்குள் நுழைந்தேன். முதல் வாயே வினிகர். எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கவுண்டரில் நின்ற பெண் மோந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வேறு ஊற்றிக் கொடுத்தார், பம்பின் பெயர்வில்லையை எங்களுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தார். திரும்பியிருக்கும் வில்லை என்றால் 'தீர்ந்தது' என்று அர்த்தம்.

இந்தக் கைவேலை ஒரு காலத்தில் ஒழிந்தே போகப் பார்த்தது. 1960-களில் பெரிய ஆலைகள், வடிகட்டிச் சூடாக்கி வாயு ஏற்றிய பீரைப் பப்களுக்குத் தள்ளின. குச்சி வேண்டாம், நிலவறை அறிவு வேண்டாம், கெடவும் கெடாது. பெரும்பாலான பப்கள் ஆலைகளுக்கே சொந்தம் என்பதால் கடைக்காரருக்கு வேறு வழியும் இல்லை. 1971-ல் அயர்லாந்துக்கு விடுமுறை போன நான்கு நண்பர்கள் இதைப் பேசிப் பொருமி, ஒரு இயக்கம் தொடங்கினார்கள். கேம்ரா என்று பெயர். குடிகாரர்களின் வாடிக்கையாளர் சங்கம் என்று நான் கிண்டலாகச் சொல்வேன், ஆனால் வருடாவருடம் அவர்கள் போடும் பப் கையேடு என் பையில் எப்போதும் இருந்தது.

ஷெஃபீல்டில் ரியல் ஏலை மீட்கக் கால்கோள் நாட்டியவர் பாலிடெக்னிக்கில் பொருளாதாரம் கற்பித்த ஒரு வாத்தியார். டேவ் விக்கெட் என்று பெயர். 1981-ல் கெல்ஹாம் ஐலண்டு பகுதியில் ஒரு பப்பை வாங்கி 'ஃபேட் கேட்' என்று திறந்தார். எந்த ஆலைக்கும் கட்டுப்படாத கடை. கெல்ஹாம் ஐலண்டு இயற்கையான தீவு இல்லை. ஆலைச் சக்கரம் சுற்ற டான் ஆற்றிலிருந்து வெட்டிய கால்வாயால் தீவானது. அப்போது அந்தப் பகுதியில் மூடிய பட்டறைகள்தான் அதிகம். 1990-ல் பப்பின் பின்பக்கமே சிறிய ஆலை ஒன்றையும் போட்டார். அங்கே காய்ச்சிய 'பேல் ரைடர்' 2004-ல் நாட்டின் சிறந்த பீர் என்று பரிசு வாங்கியது. பெரிய ஆலைகளெல்லாம் மூடிய ஊரில், ஒரு பப்பின் கொல்லைப்புறச் சரக்குக்கு அந்தப் பரிசு!

அந்தத் தெருவுக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் தொழில் அருங்காட்சியகத்தையும் பார்க்க வேண்டும் என்பேன். 12,000 குதிரைத்திறன் கொண்ட 1905-ஆம் ஆண்டு நீராவி இயந்திரம் ஒன்று அங்கே இன்னும் ஓடுகிறது. போர்க்கப்பலுக்குக் கவசத்தகடு உருட்டிய இயந்திரம். அது ஓடும்போது தரை அதிரும். அந்த அதிர்வு காலில் இருக்கும்போதே ஃபேட் கேட்டுக்குள் போய் உட்கார்ந்தால் இந்த ஊர் ஏன் இவ்வளவு குடித்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 2007 ஜூனில் டான் ஆறு பெருகி இந்தப் பகுதியே மூழ்கியது. நிலவறையை நம்பி நடக்கும் தொழிலுக்கு வெள்ளம் என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். சற்றுத் தள்ளி இருக்கும் கெல்ஹாம் ஐலண்டு டாவர்ன் 2008, 2009 இரண்டு வருடமும் தேசத்தின் சிறந்த பப் என்ற கேம்ரா விருதை வாங்கியது.

ரயிலில் வருகிறவர்களுக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம். நிலையத்திலேயே 'ஷெஃபீல்டு டாப்' இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய முதல் வகுப்புப் பயணிகளின் சிற்றுண்டி அறை அது. வெகுகாலம் பாழடைந்து கிடந்ததை ஓடு ஓடாகச் சீர்செய்து 2009-ல் திறந்தார்கள். ரயில் தாமதம் என்ற அறிவிப்பைக் கேட்டு மனிதர்கள் சந்தோஷப்படுவதை நான் பார்த்த ஒரே இடம்.

பழக்கவழக்கம் ஒன்றிரண்டு. மேசைக்கு யாரும் வரமாட்டார்கள், கவுண்டருக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். வரிசை கிடையாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கையை ஆட்டிக் கூப்பிட்டால் கடைசியில்தான் கவனிப்பார்கள். நான்கு பேர் போனால் ஆளுக்கு ஒரு சுற்று வாங்குவது முறை. தன் முறை வரும்போது கழிவறைக்குப் போகிறவனை ஊரே நினைவில் வைத்திருக்கும். இன்னொரு விஷயம்: பம்பின் மூக்கில் பூவாளி போல ஒரு சின்னத் துளைவில்லை மாட்டி, நுரை கட்டியாக வரும்படி ஊற்றுவார்கள். வடக்கே அது இல்லாமல் ஆகாது, தெற்கே அது பாவம். இந்தச் சண்டையில் நான் வடக்கத்தியான்.

கெல்ஹாம் ஐலண்டு ஆலை 2022-ல் மூடிவிட்டது. அடுத்த வருடமே பேல் ரைடரைப் பக்கத்து டார்பிஷயரில் உள்ள தார்ன்பிரிட்ஜ் ஆலை எடுத்துக்கொண்டது. அவர்களுடைய புகழ்பெற்ற சரக்கின் பெயர் 'ஜெய்ப்பூர்'. இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்காக, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவைத் தூக்கலாகப் போட்டுக் கப்பலில் அனுப்பிய ஏல் வகையைச் சேர்ந்தது அது.

சரி, நண்பர் கதை. குடிக்கமாட்டார், சுத்த சைவம். "குடிக்கிறதுதான் இல்லை, ஒரு வாய் ருசி பார்க்கலாமே" என்று ஒருநாள் நாங்கள் வற்புறுத்தினோம். நிலவறைப் பெரியவர்தான் காப்பாற்றினார். ஏலைத் தெளியவைக்கப் பீப்பாயில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் போடுவது வழக்கம். ஈஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். ராமேஸ்வரம் பக்கம் கூறல் மீனின் 'நெட்டி' என்று நல்ல விலைக்குப் போகிறதே, அதே உறுப்பு. இப்போது அது போடாத கலங்கல் ஏல்களும் நிறைய வந்துவிட்டன, அன்று அந்தக் கடையில் இல்லை. நண்பர் ஆரஞ்சு ஜூசோடு நிம்மதியாக உட்கார்ந்தார்.

அப்புறம் மாவுக்கூட்டில் உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டம் வந்தது, கூடவே ஆரஞ்சு நிறச் சீட்டு ஒட்டிய கறுப்புக் குழம்பு பாட்டில் ஒன்றும். ஹென்டர்சன்ஸ் ரெலிஷ், 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஷெஃபீல்டிலேயே தயாராவது. மீன் இருக்குமோ என்ற சந்தேகத்தில் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். மீன் இல்லை. ஒரு இடத்தில் விரலை வைத்து, "டேய், புளி போட்டிருக்கான்டா" என்றார். ஊர் திரும்பும்போது அவர் பெட்டியில் நான்கு பாட்டில் இருந்தது.